சிவக்காத கோடு

காலை பதினொன்றே காலுக்கு ஜெனரேட்டர் இரண்டாவது முறையாக நின்றது. யாரும் அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. நூற்று முப்பத்தெட்டுப் பேரின் பயம் சேர்ந்து அதை நிறுத்தியிருந்தது.

பூங்கோதை மடியிலிருந்த திரையைப் பார்த்தாள். பச்சையில் ஊர்ந்துகொண்டிருந்த கோடு மஞ்சளுக்கு ஏறி, சிவப்பைத் தொட்டு, அங்கேயே பத்து விநாடி நின்றிருந்தது. பத்து விநாடி நின்றால் மின்சாரம் தானாக அறுந்துவிடும். அது சட்டம். பூந்தமல்லிக்கு அப்பால் போட்டிருந்த அந்தப் பெரிய சினிமா செட்டில் ஒரு ஏரி அளவுக்குத் தண்ணீர்த் தொட்டி இருந்தது. தொட்டியைச் சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயந்தது நீயா நானா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் குற்றம்.

புரொடக்‌ஷன் மேனேஜர் வரதராஜன் குடையைச் சுருட்டிக்கொண்டு அவளிடம் வந்தார். கோபத்தை மரியாதையாக மாற்றிப் பேசத் தெரிந்த மனிதர்.

"யாருன்னு தெரியாதா மேடம்?"

"தெரியாது சார். எனக்குப் பேர் வராது. மொத்தமா ஒரு கோடுதான் வரும். உங்களுக்கே தெரியும்."

"தெரியும். சும்மா கேட்டேன்." அவர் தொட்டிக்கு மேலே அண்ணாந்து பார்த்தார். "பூசணிக்காய் வாங்கிட்டு வரச் சொல்லிட்டேன்."

பூங்கோதை திரும்பவும் திரையின் மேல் குனிந்துகொண்டாள்.

சட்டம் வந்து நான்கு வருடம் ஆகிறது. அதற்கு முன் ஒரு படப்பிடிப்பில் ராட்சதக் கிரேன் சரிந்து ஒன்பது பேர் செத்துப்போனார்கள். விசாரணையில் ஒரு விஷயம் வெளியே வந்தது. அந்தக் கிரேன் நிற்காது என்று இருபது பேருக்காவது அன்று காலையே மனதில் பட்டிருக்கிறது. ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. திறந்தவனை மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்பது கோடம்பாக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். ஆகவே இவர்கள் வாயை நம்பிப் பயனில்லை, உடம்பை நம்பலாம் என்று அரசாங்கம் முடிவு செய்தது. செட்டில் நிற்கிற ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை ஏறியது. நாடி, வியர்வை, தோலின் சூடு எல்லாவற்றையும் படித்து, ஒருவர் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று அது சொல்லிவிடும். பெயரைச் சொல்லாது. யாராவது இறந்துபோய் விசாரணை வந்தால் மட்டுமே அந்த ஒருவரின் பதிவைத் திறக்கலாம்.

ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினொரு வருடம் நர்ஸாக இருந்த பூங்கோதை, கோட்டைக் கண்காணிக்கிற இந்த வேலைக்கு மனுப் போட்டபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டாள். அடிபட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்தவளுக்கு, அடிபடுவதற்கு முன்னாலேயே தடுக்கிற வேலை என்றால் கசக்குமா? செட்டில் அவளைப் 'பட்டையம்மா' என்றார்கள். முதல் வருடம் முழுக்க அந்தக் கோடு தெய்வம் போல வேலை செய்தது. சரியாகக் கட்டாத சாரம், ஈரத்தில் கிடந்த ஒயர், பிரேக் இல்லாத ஜீப் என்று எத்தனையோ இடங்களில் ஜெனரேட்டர் நின்றது.

சட்டத்தில் இன்னொரு வரியும் இருந்தது. கோடு சிவக்கவில்லை என்றால் ஆபத்து முன்கூட்டித் தெரியவில்லை என்று பொருள். தெரியாத ஆபத்துக்கு யாரும் பொறுப்பில்லை. தயாரிப்பாளர்கள் இந்தச் சட்டத்தை ஏன் கைதட்டி வரவேற்றார்கள் என்பது அவளுக்கு விளங்க இரண்டு வருடம் பிடித்தது.

அந்த இரண்டு வருடத்துக்குள் அவள் ஒரு தப்புச் செய்துவிட்டாள். ஒரு சின்னப் படம். முந்தின வாரம் அந்த செட்டில் ஒருவருக்கு ஷாக் அடித்திருந்தது. ஒயரை எல்லாம் மாற்றிய பிறகும் ஆட்களுக்குப் பயம் போகவில்லை. கோடு சிவந்து சிவந்து மூன்று நாள் ஒரு ஷாட்கூட எடுக்க முடியவில்லை; படமே நின்றுபோகும் நிலைமை. நான்காம் நாள் யாரோ பூசணிக்காயில் கற்பூரம் ஏற்றிச் சுற்றி உடைத்தார்கள். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பூங்கோதை அசந்துபோனாள். பொங்கின பாலில் தண்ணீர் தெளித்த மாதிரி கோடு அப்படியே அடங்கியது. அந்தப் படத்துக்கும் வரதராஜன்தான் மேனேஜர். "சார், ஒரு பூசணிக்காய் உடைச்சா இவங்களுக்குத் தைரியம் வந்துடுது பாருங்க" என்று அவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த ஆட்கள் பாவம், வேலை போய்விடக் கூடாதே என்கிற நல்ல மனசில் சொன்னாள்.

ஆறு மாதத்தில் எல்லாக் கம்பெனிகளின் சாமான் பட்டியலிலும் பூசணிக்காய் ஏறிவிட்டது. முன்பெல்லாம் படத் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. இப்போது ஆபத்தான ஷாட் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. சாமி மேல் பாரத்தைப் போட்டால் உடம்பு நம்பிவிடுகிறது. உடம்பு நம்பினால் பட்டை நம்புகிறது, பட்டை நம்பினால் சட்டம் நம்புகிறது. இதற்கு வழி காட்டியவள் தான் என்று யாரிடமும் சொல்லாமல் பூங்கோதை இரண்டு வருடமாக விழுங்கிக்கொண்டிருக்கிறாள்.

டீ இடைவேளையில் துரைக்கண்ணு அவளைத் தேடி வந்தார். லைட்மேன்களுக்கு ஃபோர்மேன் அவர், ஐம்பத்துநான்கு வயது, செட்டின் உச்சியில் கட்டும் பரண்களின் மேல் முப்பது வருடம் நடந்த கால்கள். டீ கிளாஸைத் தரையில் வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தார். அன்றைய ஷாட் இதுதான். தொட்டிக்கு மேலே இருபது பெரிய விளக்குகள் கட்டிய இரும்புச் சட்டம் தொங்குகிறது. புயல் காட்சியில் அது வேகமாக இறங்கி, தண்ணீரில் நிற்கிற நடிகர்களின் தலைக்குமேல் சட்டென்று நிற்க வேண்டும். சட்டத்தின் நான்கு மூலையையும் கம்பிக் கயிற்றைச் சுற்றி ஏற்றி இறக்குகிற நான்கு வின்ச்சுகள் பிடித்திருந்தன. பரணில் ஒவ்வொரு வின்ச்சுக்கும் ஓர் ஆள்.

"மூணாவது வின்ச்சு சரியில்லமா" என்றார் துரைக்கண்ணு. "நிக்கும்போது ஒரு சத்தம் வருது. உள்ள பல்லு தேஞ்சிருக்கு. ரெண்டு ரிகர்சல் தாங்கிச்சு. மூணாவது தாங்காது."

இன்ஜினியரிடம் சொன்னீர்களா என்று கேட்டாள். சொன்னாராம். இன்ஜினியர் காலையில் மெஷின் வைத்துப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்துவிட்டாராம். மெஷினுக்குக் கேட்காத சத்தம் உனக்கு எப்படிக் கேட்டது என்று சிரித்தாராம்.

"அப்ப ஷாட் நேரத்துல கோடு தானா சிவக்கும்ணே. உங்க பட்டை சொல்லிடுமே."

துரைக்கண்ணு தன் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். "இது சொல்லாதுமா. எனக்குப் பயம் இல்லியே. முப்பது வருஷத்துல அதெல்லாம் மரத்துப்போச்சு. எனக்கு இது அறுந்துடும்னு தெரியும். தெரியறது வேற, பயம் வேற. இந்தச் சனியனுக்குப் பயம்தான் படிக்கத் தெரியுது."

பூங்கோதை அவரைப் பார்த்தாள். நான்கு வருடமாக அந்தக் கோட்டை விழித்த கண் மூடாமல் பார்த்திருக்கிறாள். அந்த செட்டிலேயே விஷயம் தெரிந்த ஒரே மனிதரின் குரல் அந்தக் கோட்டில் இல்லவே இல்லை என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. காலையில் பயந்தவர்கள் தண்ணீரையும் ஒயரையும் பார்த்துப் பயந்தவர்கள். வின்ச்சு அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

"நீ நிறுத்துமா" என்றார் அவர். "உன்கிட்ட ஒரு பட்டன் இருக்குல்ல."

இருந்தது. கைநிறுத்தம் என்று பெயர். ஆனால் அதை அழுத்திய பிறகு சோதனையில் பழுது எதுவும் அகப்படவில்லை என்றால் அழுத்தியவரின் உரிமம் போய்விடும். இரண்டு பேருக்கு அப்படிப் போனது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் ஒருவரும் அந்தப் பட்டனைத் தொட்டதில்லை. மெஷினே சரி என்று சொல்லிவிட்ட வின்ச்சில் நாளைக்கு யார் பழுது கண்டுபிடிக்கப் போகிறார்கள்? அவள் யோசித்துவிட்டு வேறு ஒரு வழி சொன்னாள். பூசணிக்காயை வழக்கமாக மூத்தவர் என்கிற முறையில் துரைக்கண்ணுதான் உடைப்பார். அவர் கை ராசி என்று பேர். இன்றைக்கு உடைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால் போதும், மொத்த செட்டும் மிரண்டுவிடும், கோடு தானாகச் சிவக்கும், யார் தலையிலும் பழி விழாது.

துரைக்கண்ணு சரி என்று எழுந்தபோது, டீயைக் குடிக்க மறந்திருந்தார். போகும் வழியில் கைபேசியில் மனைவியிடம் ஏதோ சொல்லிக்கொண்டு போனார்.

பூசணிக்காய் வந்தது. கற்பூரம் ஏற்றித் துரைக்கண்ணுவிடம் நீட்டினார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு, மனசு சரியில்லை, வேண்டாம் என்றார். அவ்வளவுதான். தொட்டியைச் சுற்றிப் பேச்சு நின்றது. பூங்கோதையின் திரையில் கோடு மஞ்சளுக்குத் தாவியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கதாநாயகன் அகரன் கேரவனிலிருந்து இறங்கி வந்தார். கெட்டவர் என்றால் வெறுத்துவிட்டுப் போகலாம், அகரன் நல்லவர். லைட்மேன்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர். வரதராஜன் அவர் காதில் என்ன சொன்னாரோ, நேராக வந்து பூசணிக்காயைத் தன் கையில் வாங்கினார். தொட்டிக்கு நாலு பக்கமும் திரும்பிச் சுற்றினார், உடைத்தார். பிறகு துரைக்கண்ணுவின் தோளில் கை போட்டுக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி, "அண்ணன் மேல இருக்காரு, நான் கீழ நிக்கிறேன். அதுக்கு மேல என்ன வேணும்?" என்றார்.

விசில் பறந்தது. கோடு மஞ்சளிலிருந்து வழுக்கிப் பச்சையில் போய் விழுந்தது. அன்றைய காலையில் அத்தனை தாழ்வாக அது ஒருமுறைகூட இருந்ததில்லை.

துரைக்கண்ணு பூங்கோதை இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். அதற்குப் பிறகு ஏணியில் ஏறினார். மூன்றாவது வின்ச்சில் நின்றவனை, நீ இறங்கு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டு அந்த இடத்தில் தானே நின்றார். அவர் அங்கே நிற்க வேண்டிய ஆளே இல்லை. ஃபோர்மேன் கீழே நின்று கைகாட்டுகிறவர்.

பூங்கோதையின் விரல் கைநிறுத்தத்தின் மேல் இருந்தது. அவள் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்துக்கு அந்தக் கோடு கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருக்க வேண்டும். ஆனால் அளக்கிறவரின் பயம் கணக்கில் சேராது. அழுத்து, அழுத்து என்று உள்ளே ஒரு குரல். ஒருவேளை தாங்கிவிட்டால் என்று இன்னொரு குரல். மெஷின் சொன்னதுதான் சரியாக இருந்துவிட்டால்? கோடாவது கொஞ்சம் அசைந்து கொடுக்கட்டுமே என்று காத்திருந்தாள். கோடு அசையவில்லை. 'ஆக்‌ஷன்' என்றார்கள்.

விளக்குச் சட்டம் இறங்கியது. நிற்க வேண்டிய இடத்தில் மூன்று மூலைகள் நின்றன. மூன்றாவது வின்ச்சு பிடித்திருந்த மூலையில் கடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. துரைக்கண்ணு கைப்பிரேக்கின் மேல் தன் முழு உடம்பையும் போட்டுத் தொங்கினார். மூன்று விநாடி அந்தச் சட்டம் சாய்ந்த நிலையில் அந்தரத்தில் நின்றது. அந்த மூன்று விநாடியில் அகரனும் இன்னும் பத்துப் பேரும் தண்ணீரில் விழுந்து எழுந்து கரைக்கு ஓடினார்கள். பிறகு கம்பி அறுந்தது. அறுந்த கம்பி அவரைப் பரணிலிருந்து வாரிக்கொண்டு போனது.

அப்போதுதான் கோடு சிவந்தது. சட்டப்படி பத்து விநாடி கழித்து ஜெனரேட்டர் நின்றது.

அன்று மாலை எல்லா சேனல்களிலும் ஒரே செய்தி ஓடியது. அகரன் நூலிழையில் உயிர் தப்பினார், தோளில் சிராய்ப்பு, ரசிகர்கள் கோயில்களில் சிறப்பு வழிபாடு. இரண்டாவது வரியில், லைட்மேன் ஒருவர் பலி. மறுநாள் ஒரு சேனல் அந்த ஒருவருக்குப் பெயர் போட்டது, அதிலும் எழுத்துப்பிழை. நான்காம் நாள் அகரன் வேறொரு படத்துக்குத் தேதி கொடுத்த செய்தி வந்து இதை மூடிவிட்டது.

துரைக்கண்ணுவின் மனைவி கன்னியம்மா விசாரணைக்கு முந்தின நாள் பூங்கோதை வீட்டுக்கு வந்தாள். அழுது முடித்த முகம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அன்னிக்கு போன்ல சொன்னாரும்மா. வின்ச்சு சரியில்ல, பட்டையம்மாகிட்ட சொல்லிட்டேன்னாரு. அத்த நீங்க அங்க சொல்லணும். கவனக்கொறவா வேல பாத்து செத்தாருன்னு பேசிக்கிறாங்க. அவருக்குத் தெரியும்னு எல்லாருக்கும் தெரியணும்."

சொல்கிறேன் என்றாள் பூங்கோதை. சொன்னால் தன் கழுத்துக்குத்தான் கயிறு என்று தெரிந்தே சொன்னாள். உண்மையில் அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது. யாராவது தன்னைத் தண்டிக்க வேண்டும் என்று பதினாறு நாளாகத் தூக்கமில்லாமல் காத்திருந்தாள்.

தொழிலாளர் அலுவலகத்தின் மாடியில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் விசாரித்தார். நிதானமான மனிதர், வெந்நீர்தான் குடித்தார். சுவரில் கோட்டைப் போட்டுக் காட்டினார்கள். ஷாட்டுக்கு முன் பச்சை. துரைக்கண்ணுவின் பதிவைத் தனியாகத் திறந்தார்கள். அது தூங்குகிறவனின் கோடு மாதிரி கடைசி வரை நேராகப் போய், ஓரிடத்தில் முடிந்திருந்தது.

"இறந்தவருக்கே பயம் இல்லையே" என்றார் நீதிபதி.

"பயம் இல்ல ஐயா. ஆனா தெரிஞ்சிருந்தது."

"எங்கே பதிவாகியிருக்கிறது?"

"எங்கயும் இல்ல. என்கிட்ட சொன்னாரு."

அறையில் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். வரதராஜன் தலை குனிந்துகொண்டார். நீதிபதி பேனாவை மூடி வைத்துவிட்டு, இதைப் பதிவு செய்தால் விளைவு என்னவென்று யோசித்தீர்களா என்று கேட்டார். மூடிய பேனாவை அவர் அப்படி வைத்திருந்ததைப் பார்த்தால் தடுத்துப் பார்க்க விரும்பியவர் மாதிரிதான் இருந்தது. யோசித்துவிட்டேன், எழுதுங்கள் என்றாள் பூங்கோதை. டீ இடைவேளை, மூன்றாவது வின்ச்சு, தேய்ந்த பல், பூசணிக்காய், அழுத்தாத பட்டன் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். பூசணிக்காயைச் சொல்லிக்கொடுத்தது தான் என்பதையும் சொன்னாள். துரைக்கண்ணு மூன்று விநாடி தொங்கியதையும் சொன்னாள். அவர் பிடிக்காமல் விட்டிருந்தால் பதினொரு பேர் இன்றைக்கு இல்லை ஐயா என்றாள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள்.

இரண்டு மாதத்தில் அறிக்கை வந்தது. அது வந்த அன்று காலையே தபாலில் பூங்கோதைக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது. உரிமத்தை ரத்து செய்கிற கடிதம் என்று நினைத்துப் பிரித்தாள். அடுத்த படத்துக்கான பணி ஆணை. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

மத்தியானம் சாலிகிராமத்தில் கன்னியம்மா வீட்டுக்குப் போனாள். ஒற்றை அறை. அறிக்கையைச் சங்கத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். எழுத்துக்கூட்டிப் படித்தால் பாதிதான் விளங்குகிறது, நீங்கள் படித்துச் சொல்லுங்கள் என்று நீட்டினாள் கன்னியம்மா. பூங்கோதை பக்கங்களைப் புரட்டினாள். பூசணிக்காய் பற்றி ஒரு வரி, மத நம்பிக்கையில் ஆணையம் தலையிடாது என்று. இன்ஜினியரைப் பற்றி ஒரு வரி, மெஷின் காட்டியபடி சான்றளித்தவர் மேல் தவறில்லை என்று. அவளைப் பற்றி ஒரு வரி, கைநிறுத்தம் அதிகாரியின் விருப்பம்தானே தவிரக் கடமை அல்ல, கோட்டின்படி நடந்தவர் மேல் குறை காண இடமில்லை என்று. கடைசிப் பக்கத்தில்தான் துரைக்கண்ணு இருந்தார்.

வாய்விட்டுப் படித்தாள். பாதியில் நிறுத்த நினைத்தாள், முடியவில்லை.

'அதிகாரியின் நேர்மையான சாட்சியத்தால், மூன்றாவது வின்ச்சின் பழுதை உறுதியாக அறிந்திருந்த ஒரே நபர் இறந்தவரே என்பது நிரூபணமாகிறது. ஆபத்தை அறிந்தும், யாரும் பணிக்காமல், தமக்குரிய இடத்தை விட்டுத் தாமாகவே அவர் மேலே ஏறியுள்ளார். ஆகவே இதை விபத்து என்று கொள்ள இயலாது. பொறுப்பு இறந்தவரையே சாரும். குடும்பத்துக்கான விபத்து நிவாரணத் தொகை இதற்குப் பொருந்தாது.'

கீழே தெருவில் தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடித்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் குடங்களோடு இறங்கி ஓடினார்கள். கன்னியம்மா எழுந்திருக்கவில்லை. திட்டுகிற தொனியே இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக மட்டும் கேட்டாள்.

"அவரு உங்ககிட்ட ஒண்ணும் சொல்லாமலே இருந்திருந்தா, விபத்துன்னு எழுதியிருப்பாங்களாம்மா?"

பூங்கோதை காகிதத்தை மடித்தாள்.

"ஆமா" என்றாள்.